சுருதிப் பொத்தான்

ஹங்கேரியில், திஸா ஆற்றங்கரையில் உள்ள அந்த ஓபரா அரங்கின் மூன்றாம் மாடியில், இசைத்தாள் அறையில், எதை வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. இந்த விதியை எவரும் எழுதி வைக்கவில்லை. மைப்பேனாவால் தாள் எழுதிய காலத்திலிருந்தே அது அங்கே இருந்தது. நாற்காலி கிடைத்தவர் தெரிந்தவர் என்று பொருள். தெரியாதவருக்கு அங்கே நாற்காலி இல்லை. வழி தவறியவர் எழுந்து போய்க் காப்பி ஊற்றிக்கொள்வார். திரும்பி வரும்போது கண்டுபிடித்தவரின் முகத்தோடு வருவார். செப்டம்பரில் இசைத்தாள் எழுதும் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தபின் அந்த அறையில் காப்பிச் செலவு இரு மடங்கானது.

அங்கே வேலை செய்பவர்கள் மூவர். இசையமைப்பாளர் தரும் முழுப் பிரதியைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய தாளைத் தனியே பிரித்து அச்சிட்டு, ஒத்திகைக்கு முன் கலைஞர்களின் கையில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தலைவர் கெல்லேர்ட். பதினான்கு ஆண்டுகளாக அந்த அறையின் வேகமான கை என்று பெயரெடுத்தவள் எமோகே. மூன்றாமவள் பிரோஷ்கா, ஐம்பத்தாறு வயது, முன்பு இசைக்குழுவில் வியோலா வாசித்தவள். தோள்பட்டை கெட்டபின் ஆறு ஆண்டுகளுக்கு முன் இரக்கத்தின் பேரில் இங்கே உட்காரவைக்கப்பட்டாள். ஒற்றை விரலால் தட்டுவாள். ஒவ்வொரு கட்டளையையும் முதன்முறை பார்ப்பவள்போல் உதடசைத்து வாசித்து, தேடிக் கண்டுபிடித்து, கட்டம் போட்ட குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள்.

புதிய பதிப்பு எமோகேயின் விரல்களைத்தான் முதலில் தாக்கியது. திரையின் இடப்பக்கம் இருந்த கட்டளைப் பட்டைகள் மறைந்துவிட்டன. அவற்றில் பாதி மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன, மீதி வேறு பெயர் சூடியிருந்தன. கால் நீளச் சுரத்துக்காக அவள் தட்டிய எண் இப்போது அரை நீளச் சுரத்தை வைத்தது. புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த கோப்பைப் பழையதில் மீண்டும் திறக்கவும் வழியில்லை. நிறுவனம் அனுப்பிய கடிதத்தைக் கெல்லேர்ட் உரக்க வாசித்தார்: படைப்பு மனத்துக்கு இடம்விட்டு, கவனச் சிதறலைக் குறைத்திருக்கிறார்களாம்.

“நாம ஊர்ல இல்லாதப்ப யாரோ வீட்டுக்குள்ள பூந்து, சமையல்கட்டை மாத்தி அடுக்கிட்டு, மேசையில பூங்கொத்து வெச்சிட்டுப் போன மாதிரி இருக்கு,” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். உப்பு எங்கே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரத்தில் நடக்கக் கூடாத ஒன்று நடந்தது. பிரோஷ்காவின் பக்கங்கள் முதலில் அச்சாகி வந்தன. நான்காம் வாரத்திலும் அப்படியே. புதிய ஓபராவின் வயலின் தாள்களைக் கெல்லேர்ட் அவள் மேசையில் வைத்தார். ஊது வாத்தியங்களின் தாள்கள் எமோகேக்கு வந்தன. வயலின்கள் பதினான்கு ஆண்டுகளாக எமோகேயுடையவை.

அன்றிலிருந்து எமோகே வேலை செய்வதைவிட அதிகமாகக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பிரோஷ்காவின் சுட்டெலி ஒலித்தது: ஒரு சொடுக்கு, சிறு மௌனம், மீண்டும் ஒரு சொடுக்கு. அந்த மௌனங்கள் நாளுக்கு நாள் சுருங்குவதை அவள் அளந்தாள். பிரோஷ்கா கொண்டுவந்த பாலாடைக்கட்டி பொகாச்சாக்களை, அந்தச் சிறு உப்பு ரொட்டிகளை, வயிறு சரியில்லை என்று மறுத்தாள். பிறகு ஆளில்லாதபோது மூன்றைத் தின்று, அவை நன்றாக இருந்ததற்காகவும் எரிந்தாள். அறையில் எல்லோரும் பெயர் சொல்லியே பேசுவது வழக்கம். எமோகே மட்டும் திடீரென்று அவளை ‘நேனி’ என்று, ஊரில் வயதான அத்தைமாரை அழைப்பதுபோல் அழைக்கத் தொடங்கினாள். அது மரியாதை அல்ல என்பது அறையில் எல்லோருக்கும் விளங்கியது.

“நேனி, கண்ணாடியை மாத்திட்டீங்களா? திடீர்னு இவ்ளோ வேகம்?”

பிரோஷ்கா திரும்பாமலே பதில் சொன்னாள். “கண்ணாடி பழசுதான்மா. நான் எப்பவுமே தேடித்தான் கண்டுபிடிப்பேன். இப்ப எல்லாரும் தேடறீங்க, அவ்வளவுதான்.”

அந்தப் பதில் எமோகேயை விட்டுப் போகவில்லை. தன் பதினான்கு ஆண்டுகள் விரல் நுனிகளில் மட்டுமே சேமிக்கப்பட்டிருந்தன என்பதும், அந்தப் பெட்டகத்தை எவரோ தொலைவிலிருந்து காலி செய்துவிட முடியும் என்பதும் அதில் அடங்கியிருந்தன. ஒன்றுமே சேமிக்காதவளுக்கு இழப்பும் இல்லை. பொறாமைக்கு இதைவிடத் தூய காரணம் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

போட்டிக்கு ஒரு நாற்காலியும் இருந்தது. ஓபராவை எழுதிய ஷரோல்தா, ஒத்திகையின்போதே பக்கங்களைத் திருத்துபவர். அவர் பக்கத்தில் கணினியோடு ஒருவர் மூன்று வாரம் உட்கார வேண்டும். அச்சாகும் பிரதியின் முதல் பக்கத்தில் அப்படி உட்காருபவரின் பெயரும் வரும். யார் என்பதை, வியாழக்கிழமை ஊது வாத்தியங்களின் முதல் ஒத்திகை முடிந்தபின் சொல்வதாகக் கெல்லேர்ட் அறிவித்திருந்தார். நல்ல தாள் யாருடையதோ அவர்தான் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

வியாழன் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு, இரண்டு மணி ஒத்திகைக்கான தாள்களை அடுக்கும்போது, எமோகேயின் கண் கிளாரினெட் பக்கத்தில் நின்றது. தொடக்கத்தில் இருக்க வேண்டிய, சுரத்தை உயர்த்தும் இரண்டு ஷார்ப் குறிகள் இல்லை. கிளாரினெட், தாளில் எழுதியிருப்பதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும் வாத்தியம். ஆகவே அதற்குரிய தாளை ஒரு சுரம் மேலே ஏற்றித்தான் எழுத வேண்டும். திரையில் ஒலிக்கும் சுருதியை வைத்து வேலை செய்துவிட்டு, அச்சிடும் முன் வலப்பக்க மூலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் எழுதும் சுருதிக்கு மாறிவிடும். காலையில் அச்சிடும் முன் அவளும் அழுத்தினாள், பதினான்கு ஆண்டுகளாகப் பார்க்காமல் அழுத்துவதுபோலவே அழுத்தினாள். ஆனால் அந்த மூலையில் இப்போது பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பொத்தான் இருந்தது. கை கடமையை முடித்த நிறைவோடு அச்சுக்குப் போய்விட்டது.

அறுபத்திரண்டு பக்கங்கள். இப்படியே போனால் இரண்டு கிளாரினெட்டுகளும் மொத்தக் குழுவுக்கும் ஒரு சுரம் கீழே முழங்கும். கையால் திருத்த நேரமில்லை. பொத்தான் கிடைத்தால் இருபது நிமிடத்தில் மறுபடி அச்சிடலாம். அவள் மூன்று புள்ளிகளையும் திறந்தாள். தேடும் கட்டத்தில் பழைய பெயரைத் தட்டினாள். அப்படி எதுவும் இல்லை என்றது. காப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள். இன்னொரு கோப்பையும் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

கெல்லேர்ட் கீழே போயிருந்தார். பிரோஷ்கா சாப்பிடப் போயிருந்தாள். குறிப்பேடு விசைப்பலகையின் பக்கத்தில் கிடந்தது.

எமோகே அதை எடுத்தாள். அவசரத்தில் முன்பக்கங்கள் திறந்துகொண்டன. தேதி ஆறு ஆண்டுகளுக்கு முந்தையது. நேர்த்தியான சாய்ந்த எழுத்தில் இருந்தது: ‘எமோகே: நான்கு தட்டு, மௌனமே இல்லை. பார்க்காமல் செய்கிறாள்.’ அடுத்த பக்கத்தில்: ‘இன்று அவள் ஒன்பது பக்கம், நான் இரண்டு. பேசிக்கொண்டே செய்கிறாள். தாங்க முடியவில்லை.’ பக்கம் பக்கமாக அவளுடைய விரலோசைகள் எண்ணப்பட்டிருந்தன. ஒரு நாளும் பிரோஷ்கா திரும்பி அவளிடம் எதையும் கேட்டதில்லை. முதுகோடு முதுகாக ஆறு ஆண்டுகள் ஒருத்தி தன்னைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எமோகேக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி; வெட்கம் அதன் பின்னால்தான் வந்தது.

நடைபாதையில் பேச்சுக் குரல் கேட்டது. தேவையான பக்கத்தைத் தேடும் முன் அவள் குறிப்பேட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

மூன்று பேர் ஒன்றாக உள்ளே வந்தார்கள்: கெல்லேர்ட், பிரோஷ்கா, தாள் வாங்க வந்த முதல் கிளாரினெட் ஆபெல். ஆபெலின் தோளில் வாத்தியப் பெட்டி தொங்கியது.

“என்ன எமோகே, தாள் சூடா இருக்கா, பொகாச்சா மாதிரி?” என்றான் ஆபெல்.

கெல்லேர்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்று இருபத்தைந்து. அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டது என்று சொல்லலாம். அந்த அறையில் எல்லோரும் சொல்லும் பொய் அது, எல்லோரும் மரியாதையோடு நம்புவார்கள். அந்தச் சொற்கள் எமோகேயின் நாக்கு வரை வந்தன. பிரோஷ்கா தன் இடத்தில் உட்கார்ந்து, குறிப்பேட்டின் விளிம்பைச் சரி செய்து, சுட்டெலியின் மேல் கை வைத்தாள். இன்னும் சொடுக்கு விழவில்லை.

எமோகே தன் நாற்காலியை முழுவதுமாகத் திருப்பினாள். பதினான்கு ஆண்டுகளில் அந்த நாற்காலி அந்தப் பக்கம் திரும்பியதில்லை; சக்கரம் கிறீச்சிட்டது. கெல்லேர்ட் நிமிர்ந்து பார்த்தார்.

“பிரோஷ்கா,” என்றாள், நேனி என்று சேர்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி. “கிளாரினெட் தாள் எல்லாத்தையும் தப்பா அடிச்சிட்டேன். சுருதி மாத்தற பொத்தான் எங்க இருக்கு? எனக்குத் தெரியல.”