படமரத் துண்டு

இருந்தவர்கள்: அக்கா ஜீவிதா, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவள் புருஷன் தேவேந்திரன், காருக்கு அடியில் மல்லாந்து. மாடி வீட்டுக் கலாவதி, துணி உலர்த்துகிற சாக்கில். நான், உமாபதி, ஜாக்கியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் கார்.

காரைச் சேர்க்காமல் முடியாது, இந்த வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை, தேவேந்திரன் ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கி வைத்திருக்கிறான், செவிலிமேட்டு ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னாலும் நிறுத்தி "எறங்கு" என்பான், அக்கா இறங்கி அந்தப் பக்கம் நடந்துபோய் நிற்பாள், பாரம் குறைந்த வண்டி தடையைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்வாள், டவுன் பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்... போன வாரம் திருமுக்கூடல் போய்த் திரும்பும்போது ஒரு தடையை அவன் பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை, வண்டியின் வயிறு உரசிவிட்டது, அங்கேயே ஓரம் கட்டி அவள் கையைப் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல்... பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள் அக்கா, உண்மையைச் சொன்னது அன்றைக்குக் கூடப் போய்ப் பின்சீட்டில் இருந்த கலாவதி. எலும்பு முறிகிற சத்தம் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த கார் கம்பெனியில், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில், நைட் ஷிஃப்டில், பக்கத்து மெஷினில் ஒருவன் விரல்களைக் கொடுத்தான், சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, தகரத்தோடு தகரமாகப் போய்விட்டது, தரையைக் கழுவிவிட்டு மெஷினை மறுபடி ஓட்டினார்கள், நானும் விடியும்வரை கதவுத் தகடு அடித்தேன், அடுத்த நாள் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது, நான் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. கருணை கிருணை ஒன்றும் இல்லை. அந்த மெஷினுக்குள் யாரைப் படுக்க வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன், அவ்வளவுதான்.

"மச்சான், ஞாயித்துக்கெழம வந்துடு, ஆயில் மாத்தணும்" என்று இவன்தான் கூப்பிட்டான், ஒர்க்‌ஷாப்பில் விடமாட்டான், எவனோ பம்பரைக் கீறிவிட்டானாம். வந்தால் ஜாக்கி அடியில் நுழையவே இல்லை, வண்டி அவ்வளவு தாழ்வு. "இன்னாடா, கம்பெனில காரு செஞ்சவன், ஒரு ஜாக்கிய உள்ள வுடத் தெரியலயா? நைட்டெல்லாம் தூங்கிக்கினு இருந்தியா?" என்று சிரித்தான். இரண்டு பலகையை முன்சக்கரங்களுக்கு முன்னால் போட்டு, வண்டியை அதன்மேல் ஏற்றச் சொன்னேன், அந்த உயரத்தில் ஜாக்கி உள்ளே போனது, கம்பியைப் போட்டு அழுத்த அழுத்த மூக்கு மேலே எழுந்தது. ஜாக்கியை மட்டும் நம்பி ஆள் அடியில் போகக் கூடாது, தாங்கல் வேண்டும், வீட்டில் இருந்தது படமரத் துண்டுதான்... நெய்த சேலையைச் சுருட்டுகிற சதுர மரம், தறியில் வெடித்துப்போனதை அறுத்துப் போட்டிருந்தார்கள், கருங்கல் கனம். அதை ஜாக்கிக்குப் பக்கத்தில், பாரம் படாமல், ஜாக்கி இறங்கினால் தாங்குகிற மாதிரி நிறுத்தி வைத்தேன். அவன் சாகக் கூடாது என்று நானே வைத்தேன், இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், யார் கேட்டாலும்.

அடியில் போய்விட்டான். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே, ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. ஸ்பேனர் சத்தம், மூச்சு, கெட்ட வார்த்தை. ஜாக்கி வால்வில் கம்பியின் முனை மாட்டியிருக்கிறது, இடப்பக்கம் ஒரு திருப்பு போதும், வண்டி பலகைமேல் இறங்கும், இறங்கினால் மிஞ்சுகிற இடைவெளி ஒரு சாண்கூட இல்லை, அவன் நெஞ்சு அதைவிடத் தடிமன். முதலில் விலா போகுமா, மூக்கு போகுமா? கத்த நேரம் இருக்குமா? காலால் தரையை உதைப்பான், அந்தச் செருப்பும் கழலும், கலாவதி மாடியிலிருந்து பார்ப்பாள், அவள் என்ன சொல்வாள்... ஆனால் மரம் இருக்கிறதே. மரம் இருக்கும்வரை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் அவனைக் கொல்லலாம், ஒன்றும் ஆகாது, அது ஒரு சௌகரியம்.

அக்கா இடது கையில் டீ கொண்டுவந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம், எங்கள் நெசவுத் தெருவில் எல்லோருக்கும் உண்டு, தறிச் சாமான் எதிலாவது கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், உடைந்த கட்டையானாலும் சரி. டீயை வாசல் திண்டின்மேல் வைத்தாள். வண்டியின் பக்கத்தில் வந்து நின்றாள். வலது காலை நீட்டி மரத்தைத் தள்ளினாள். தட்டுப்பட்டது இல்லை, தள்ளினாள், அது சாய்ந்து, உருண்டு, வெளியே வந்துவிட்டது. குனியவில்லை. கண்ணில் ஒற்றவில்லை. என்னைப் பார்த்தாள்.

இதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேனா? கை தானாகத் திரும்பியதா, நான் திருப்பினேனா... வண்டி ஒரு விரலளவு இறங்கியது. அடியிலிருந்து "டேய்! டேய் எறங்குதுடா!" என்று அலறினான், அதற்குள் ஆயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட் கழன்று சூடான ஆயில் அவன் முகத்தில் கொட்டிவிட்டது, கால்கள் நான் நினைத்த மாதிரியேதான் உதைத்தன. நான் வால்வை மூடிவிட்டேன். வலப்பக்கம், இறுக்கி, இரண்டு கையாலும். ஏன் மூடினேன்? தெரியவில்லை, அவன்மேல் பாசமில்லை, அந்தத் தகரச் சத்தம் காதில் வந்துவிட்டது. அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தான், முகம் முழுக்கக் கறுப்பு, கண் திறக்க முடியவில்லை, கையால் தரையைத் துழாவினான், படமரத் துண்டு கையில் பட்டது. அதை அப்படியே தூக்கி என் பக்கம் வீசினான், தோளில் பட்டு எனக்குக் கை மரத்துப்போனது, கம்பி கீழே விழுந்தது.

"யாருடா நவுத்துனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நான்தான். காலு பட்டுடுச்சி."

"காலு பட்டுச்சா. ஒடச்ச கை பத்தல ஒனக்கு. கண்ண கழுவிக்கினு வரேன்... இல்ல, உள்ள வா நீ. உள்ள வாடி, வெச்சிக்கறேன்."

"ஐயோ, வேணாங்க, பாவம்" என்று மேலே கலாவதி. அவன் சுவரைத் தடவித் தடவி வாசற்படி ஏறினான், தடவிய இடமெல்லாம் கறுப்பு, உள்ளே போய்க் குழாய் எங்கே என்று திட்டிக்கொண்டிருந்தான். போகாதே என்று நான் சொல்ல வேண்டும். வா, நம் வீட்டுக்குப் போகலாம் என்று... எரிகிற தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அக்கா குனிந்தாள். சரி, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறாள், பயம் வந்துவிட்டது இவளுக்கு, என்று நினைத்தேன். நிமிர்ந்து, நைட்டியின் மடிப்போடு இடது கையை ஒட்டி வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். வண்டி இன்னும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, அதை இறக்க வேண்டும், கம்பியைத் தேடினேன். மரம் இருந்தது, ஸ்பேனர் இருந்தது, செருப்பு இருந்தது. கம்பி இல்லை. உள்ளே அவன் தண்ணீரைத் திறந்துவிட்டான், கண்ணில் இன்னும் ஆயில் இருக்கும். கூப்பிட நேரம் இருந்தது, அவள் கதவருகில்தான் நின்றாள், "அக்கா" என்று ஒரு வார்த்தை, இல்லை "மாமா" என்று... நான் டீ ஆறுகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள், ஜன்னலில் தெரிந்தது, கீழ்த் தாழ்ப்பாளைக் காலால் தள்ளினாள், அப்புறம் மேலே, மாவுக்கட்டுப் போட்ட கையால், இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை விழுந்தது.