நடுவர் சொல்லும்வரை

சவுதியின் தம்மாமில் மன்சூர் டிவியில் ஒரு கோலைப் பார்த்தால், மதுரை மகபூப்பாளையத்தில் முபீனாவின் போன் அடிக்கும். கல்யாணமாகி நாற்பதாம் நாள் அவன் விமானம் ஏறியதிலிருந்து அதுதான் வழக்கம். அவள் எடுத்ததும் இருவரும் ஒரே மூச்சில் "கோல்!" என்று கத்துவார்கள். ஆட்டம் முடிந்ததும் அவனே மறுபடி கூப்பிட்டு, சாப்பாடு, சளி, சண்டை என்று அரைமணி நேரம் பேசுவான். கால்பந்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் அணியின் சட்டை சிவப்பு என்பதுதான்.

போன வருடம் ஒரு கோலுக்கு அப்படிக் கத்தி முடித்த பிறகு, வீடியோவைப் பார்த்து நடுவர் அதை ரத்து செய்துவிட்டார். அவனோடு அறையில் தங்கியிருந்தவர்கள் மன்சூரைக் கிண்டலடித்தே ஓய்ந்தார்கள். அதிலிருந்து, முடிவு உறுதியாகும்வரை அவன் கூப்பிடுவதில்லை. ஆறிப்போன டீ மாதிரி ஒரு "கோல்" வரும். ஆட்டம் முடிந்தாலும் டிவியில் நிபுணர்கள், ஆப்சைடா என்று பார்க்கத் திரையில் போடும் கோட்டைப் பற்றியே வாதாடுவார்கள். அவனும் அதிலேயே மூழ்கிவிடுவான். கொஞ்ச நாளாக அவன் அனுப்பும் படங்களில் இருப்பது யாருடைய முழங்காலோ, யாருடைய தோளோ.

இந்த மாதத்தோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கு வந்து அவனியாபுரத்தில் ஏசி மெக்கானிக் கடை போடுவதாகச் சொல்லியிருந்தான். வருகிறானா, மாட்டானா? அதைக் கேட்கத்தான் அவளுக்கு நேரமே வாய்க்கவில்லை.

சனிக்கிழமை ஆட்டம் நடந்தபோது சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஆட்டத்தை ஓடவிட்டிருந்த போன் திரையில் சிவப்புச் சட்டைக்காரன் பந்தை வலைக்குள் அடித்தான். அழைப்பு வரவில்லை. மாவுக் கையோடு அவளே கூப்பிட்டாள்.

"இரு முபீ, செக் பண்றாங்க. இன்னும் கோல் இல்ல."

"அதுவரைக்கும் என்கூடப் பேசுங்க."

"என்னத்தப் பேச? கோடு போடுறான் பாரு. தோளு லேசா முன்னால இருக்கு."

"யாரு தோளோ இருந்துட்டுப் போகுது. நீங்க எப்ப வாரீங்க?"

அவன் பின்னால் யாரோ, "மாப்ள, இது ஆப்சைடுதான்டா!" என்று சிரித்தார்கள்.

"என்னங்க?"

"புதன்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன் முபீ. இன்னும் ரெண்டு வருசம்."

"இன்னைக்குச் சனிக்கிழமைங்க."

"மேனேஜர் இன்னும் ஓகே சொல்லல. உறுதியாகாததை எதுக்குச் சொல்லணும்னு..."

நேற்றுத்தான் மாமியாரோடு ஷேர் ஆட்டோவில் போய் அவனியாபுரத்தில் ஒரு கடை பார்த்து வந்திருந்தாள். இரண்டு ஷட்டர், வாசலில் வேப்பமரம். அவன் வந்ததும் காட்டலாம் என்று அவளும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

திடீரென்று போனில் அவன் அறை அதிர்ந்தது. "குடுத்துட்டான் முபீ! கோல்! கோல்!" என்று கத்திய மன்சூர், அவள் குரலுக்காக நிறுத்தினான்.

"நீ கத்தலையா?"

"நீங்க கத்துனது கேட்டுச்சுங்க."

"முடிஞ்சதும் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான்.

உள்ளறையிலிருந்து மாமியார் அஜ்மல் பீவி குரல் கொடுத்தார். "கோலாம்மா?"

"ஆமா மாமி."

"புள்ள எப்ப வாரானாம்?"

முபீனா விரலில் ஒட்டிய மாவை உருட்டி உருட்டி எடுத்தாள்.

"இன்னும் முடிவாகலையாம் மாமி" என்றாள்.

திரையில் அதே கோலை நாலாவது தடவையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.