சுக்கான் யார் கையில்

கடைசி நாள் காலையில் அந்தப் படகிலிருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடலில் தள்ளிவிடாமல் இருந்ததற்கு ஒரே காரணம், கரையில் ஆட்கள் காத்திருந்ததுதான். ஒரு தலை குறைந்தால் கேட்பார்கள்.

ஒரு மாதத்துக்கு மேலாகக் கரையோரமாகவே பாய் விரித்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். நோயாளியின் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு "அப்புறம், வேலை எல்லாம் எப்படிப் போகுது?" என்று விசாரிக்கிற தொழில். எதிர்த்துப் பேசும் மனிதர்களை அவர் பார்த்து வருஷக்கணக்காகிறது. மற்றவர் அவருடைய கல்லூரித் தோழர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். இன்னொருவன் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்திருக்கும் தனி பிரேக்கை மிதித்தே வயிறு வளர்த்தவர். இருவரும் பாதிப் பாதி போட்டுப் படகு வாங்கிய அன்றே இவர், தங்கக் கயிறு சுற்றிய தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "இனிமே என்னைக் கேப்டன்னு கூப்பிடுடா" என்றார். விளையாட்டுக்குத்தானே என்று டாக்டர் கூப்பிட்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

குறட்டையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஈரச் சாக்ஸைத் தலையணைக்குப் பக்கத்தில் காயப்போடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வழியில் எந்தத் துறையில் இறங்கினாலும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த உடனே கேப்டன் ஆரம்பித்துவிடுவார்: "தனியாத்தாங்க கிளம்பறதா இருந்தேன். பாவம், இவனும் எத்தனை நாள்தான் பல்லையே பாத்துட்டிருப்பான்? சரி வாடான்னு கூட்டிட்டு வந்தேன்." கேட்பவர்கள் டாக்டரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தக் கதையில் அவர் அரிசி மூட்டைக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் இன்னொரு சாமான்.

ஊர் பேர் தெரியாதவர்களிடம் சாமானாக இருந்துவிட்டுப் போகலாம். இன்று கரையில் நிற்கப்போவது அவருடைய மனைவி, மகள், எல்லாவற்றுக்கும் மேலாக மச்சான். கிளம்பும்போது அந்த மச்சான் சொன்னது இன்னும் காதில் குடைந்துகொண்டிருந்தது: "அத்தான், நீங்க எதையும் தொடாதீங்க. ஓரமா உக்காந்துக்குங்க. அவர் பாத்துக்குவார்." பாதித் தூரம் படகை ஓட்டி வந்தவர் டாக்டர். ஆனால் துறைமுகத்துக்குள் நுழையும்போது படகைத் திருப்பும் சுக்கான் கட்டை அவர் கையில் இருப்பதை அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அந்த வீட்டில் அவர் ஓரமாக உட்கார்ந்தவர்தான்.

சுக்கானுக்கு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் அதைப் பிடித்தால் மற்றவர் பாய்க்கயிறுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உச்சிப் பொழுதில் கை மாறும். காலை முறை கேப்டனுடையது. அடிக்கிற காற்றுக்கு உச்சிக்கு முன்பே துறைமுகம் வந்துவிடும் என்று டாக்டர் மனக்கணக்குப் போட்டார். கேப்டனும் அதே கணக்கைப் போட்டிருப்பது அவர் விசிலடித்த தினுசிலேயே தெரிந்தது.

"கயிறை இழுத்துக் கட்டுடா. நல்ல காத்து வீணாப் போகுது."

டாக்டர் இழுத்துக் கட்டினார். கேப்டன் கரைப்பக்கம் திரும்பியதும் ஒரு முழம் தளர்த்திவிட்டார். படகு பெருமூச்சு விட்டு வேகம் குறைந்தது.

"ஏன்டா குறையுது?"

"காத்தைக் கேளு."

"பாய் படபடன்னு அடிச்சுக்குதே, காது கேக்கல?"

"உன் வாயின்னு நினைச்சேன்."

கேப்டன் படகைக் கொஞ்சம் திருப்பிக் காற்றைப் பிடித்தார். டாக்டர் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். காலை முழுக்க இப்படியே போனது. ஒருவர் விரட்ட, ஒருவர் இழுத்துப் பிடிக்க, படகு மனம் மாறிக்கொண்டேயிருக்கும் மாடு மாதிரி நடந்தது.

இதற்கு நடுவில் உச்சி தாண்டினால் கடல் வற்றி ஆழம் குறையத் தொடங்கும் என்பதும், துறைமுக வாயிலில் மணல்திட்டு இருப்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். முந்தின நாள்தான் கடல் வரைபடத்தை விரித்து, விரல் வைத்துப் பார்த்திருந்தார்கள். ஆனால் இப்போது அதை வாய்விட்டுச் சொன்னால் மற்றவனுக்கு உதவி செய்ததாக ஆகிவிடுமே!

வாயிலின் இரண்டு கல்சுவர்களும் கண்ணில் பட்டபோது சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது.

"எந்திரி. என் முறை."

"துறைமுகம் தெரிஞ்சப்புறம் கை மாத்தக் கூடாது. கடல் சட்டம்."

"எந்தக் கடல்ல?"

"எல்லாக் கடல்லயும்தான்! போய்ப் பாயைப் பாருடா. பெரிய மாலுமி!"

"மாலுமியா? வண்டி ஓட்டத் தெரியாதவன் பக்கத்துல உக்காந்து சம்பாதிச்சவன் நீ. தள்ளுடா!"

"பல்லைப் பேத்துருவேன்!"

"அதுக்கும் என்கிட்டதான் கத்துக்கணும்."

டாக்டர் கட்டையைப் பிடித்தார். கேப்டன் விடவில்லை. இவர் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுக்க, கல்வி கற்ற இரண்டு மனிதர்கள் அரைமுழக் கட்டைக்காக மூச்சிரைக்க மல்லுக்கட்டினார்கள். படகு முதலில் இடச்சுவரை விசாரித்தது, பிறகு வலச்சுவரை. டாக்டர் குனிந்து பார்த்தபோது கேப்டனின் வலது கால் பலகையை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது. பிரேக் தேடுகிறது, பாவம்.

அடியில் 'சர்ர்ர்' என்றது. மணல்திட்டு படகை மெத்தையில் படுக்கவைப்பது போல வாங்கிக்கொண்டது. படகு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன.

கேப்டன் சட்டென்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"சரி, இந்தா. உன் முறை."

கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. கற்படியில் மகள் கையசைத்தாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மச்சான் கைகளைக் குவித்துக் கத்தினான்: "யாரு ஓட்டினது?"

டாக்டர் யோசித்தார். "அவன்" என்றால் அவமானம் கேப்டனுக்கு. ஆனால் சுக்கானும் அவனுக்கே போய்விடும். இத்தனை நாள் காற்றிலும் உப்பிலும் கிடந்தது அதற்கா?

"நான்தான்!" என்று கத்தினார்.

"ஆமா, அவன்தான்!" என்றார் கேப்டன் அதைவிட உரக்க. பயணம் முழுவதிலும் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"முழங்கால் தண்ணிதான், இறங்கி நடந்து வாங்க!" என்று மனைவி கூப்பிட்டாள்.

"ஓட்டினவன்தான் படகோட இருக்கணும்" என்றார் கேப்டன். கால்சட்டையை மடித்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கி நடந்தார். இதுவும் எல்லாக் கடல்களின் சட்டமாக இருக்கலாம். விட்டுவிட்டு இறங்கினால் "பயந்து ஓடிட்டான்" என்று அதுவும் கதையாகிவிடும் என்பதால் டாக்டர் அசையவில்லை.

கேப்டன் படியேறியதும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பேச்சு எதுவும் இங்கே கேட்கவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன. அவை பனைமர உயரத்துக்கு ஓர் அலையை எழுப்பின. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமாளித்தன. பிறகு விரல் ஒன்று நீண்டு படகைச் சுட்டியது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மனைவியும் சிரித்தாள். மகள் அப்பாவைப் படம் எடுத்தாள்.

டாக்டர் சாய்ந்த படகில் நிமிர்ந்து உட்கார முயன்றபடி, சுக்கான் கட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அது மணலில் புதைந்து, அசைய மறுத்தது.