உப்புத்தாள் போட்ட ஐசி

உப்புத்தாளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெயிண்ட் அடிப்பவர் கையில் இருந்தால் பரவாயில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அதற்கு என்ன வேலை? எங்கள் லைனில் வேலை இருக்கிறது. எதைச் செய்தாலும், விற்பதற்கு முன் அதிலிருக்கும் ஐசி சில்லின் முதுகில் உள்ள நம்பரை உப்புத்தாளால் தேய்த்து வழுக்கையாக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் நம்பரைப் பார்த்து அதே மாதிரி செய்துவிடுவானாம். எங்கள் பக்கத்துக் கடை அப்துல் சுக்கூர் பாயுடையது. அவரும் தேய்ப்பார், நாங்களும் தேய்ப்போம்.

கடை என் பெரியப்பா மகன் ஆனந்த்ராஜுடையது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆனந்த் எலெக்ட்ரானிக்ஸ். பாலிடெக்னிக் முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன்.

2008-ஆம் வருஷம், அய்யலூர் ரோட்டில் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி வைத்திருந்த முனியப்பன் வந்தார். முட்டை மெஷினுக்குள் சூடு எவ்வளவு என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும், ஏறினாலும் இறங்கினாலும் அது கத்த வேண்டும் என்றார். கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாத வருஷம் அது. பெரிய கம்பெனிகள் சொன்ன விலைக்கு அவர் இன்னொரு ஹேச்சரியே கட்டிவிடலாம்.

பிரவுசிங் சென்டரில் தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். மாரெக் என்று ஒருவர், போலந்துக்காரர். நெட்வொர்க் கேபிளை நேராகச் சொருகும் சின்ன கன்ட்ரோலர் போர்டு ஒன்றைச் செய்து, சர்க்யூட் படம், புரோகிராம் எல்லாவற்றையும் நெட்டில் சும்மா போட்டிருந்தார். செய்கிறவர்கள் அவர் பேரையும் தங்கள் பேரையும் போட வேண்டும், எதையாவது மாற்றினால் அந்தப் படத்தை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். சந்தேகம் கேட்டு மெயில் போட்டேன். முன்பின் தெரியாத எனக்கு வரி வரியாகப் பதில் எழுதினார். அந்த மனுஷனுக்குப் பக்கத்துக் கடைக்காரன் பயம் இல்லை.

படத்தை லேசர் பிரிண்ட் எடுத்து, செம்புத் தகட்டின் மேல் வைத்து, மை ஒட்டிக்கொள்ள இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். முதல் தடவை படத்தைத் திருப்பிப் பிரிண்ட் எடுக்க மறந்துவிட்டேன், எல்லாம் இடம் வலமாகிப் போனது. மீதிச் செம்பை அரித்தெடுக்க ஊற்றிய ஃபெரிக் குளோரைடில் அம்மாவின் பேசின் கறை பிடித்தது, அம்மா ஒரு வாரம் திட்டினாள். நம் ஊர்க் கரண்டைத் தாங்குவதற்காகப் பவர் பகுதியை நானே மாற்றி வரைந்தேன். ஒரு வழியாக ஓடியது. திரையில் சூடு எண்ணாக வந்து நின்றபோது கடைக்குள் நின்றே கத்திவிட்டேன். போர்டின் ஓரத்தில் செம்பு எழுத்தில் அவர் பேரும் என் பேரும் இருந்தன: மாரெக், சகாயசெல்வி.

மறுநாள் கடைக்குப் போனால் போர்டில் அந்த இரண்டு பேரும் இல்லை. அண்ணன் பிளேடால் சுரண்டியிருந்தான். ஐசிகள் மொட்டையாக இருந்தன.

"என்னண்ணே இது?"

"ஊர்ல எல்லாரும் செய்யிறதுதான். நம்பரைக் காட்டுனா நாளைக்கு அவனவன் செஞ்சுக்கிருவான். நம்ம சோத்துல நாமளே மண்ணை அள்ளிப் போடணுமாக்கும்?"

"அந்த மாரெக் அப்படி நெனச்சிருந்தா நமக்கு ஏதுண்ணே இந்தச் சோறு? பேரை எதுக்குச் சொரண்டுன?"

"வீட்டுப் பொண்ணு பேரு எதுக்கு ஊரு பூராம்? கடைப் பேரு இருக்குல்ல, போதும்."

முனியப்பன் வாசலில் வண்டியோடு நின்றார். சுரண்டியது சுரண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போர்டை அடைத்துக் கொடுத்த பெட்டி நன்றாக ஓடியது. முனியப்பன் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆனந்த்ராஜ் மூளையைப் புகழ்ந்தார். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். ஒருநாள் பெட்டிக்குள் குஞ்சுத் தூசி அடைந்துவிட்டதென்று முனியப்பன் கூப்பிட, என்னிடம் சொல்லாமல் அவனே போனான்.

அந்தப் போர்டில் முக்கியமான ஐசி இரண்டு. ஒன்று யோசிப்பது, மற்றது நெட்வொர்க்கோடு பேசுவது. இரண்டுக்கும் ஒரே நீளம், ஒரே அகலம், இருபத்தெட்டுக் கால். முதுகில் நம்பர் இருந்தால்தான் எது எது என்று தெரியும். துடைப்பதற்காக இரண்டையும் கழற்றியவன் இடம் மாற்றிச் சொருகிவிட்டான். சுவிட்சைப் போட்டதும் புகை. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, எரிந்த போர்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அன்றைக்கென்று மெஷினில் சூடு ஏறியிருக்கிறது. கத்துவதற்குப் பெட்டி இல்லை.

மறுநாள் முனியப்பன் கடைக்குள் நுழைந்து நேராக என்னிடம் வந்தார்.

"ஏத்தா, அது நீ செஞ்ச பெட்டியாம்ல? சின்னப் புள்ள வெளையாட்டாச் செஞ்சதுன்னு உங்கண்ணன் இப்பத்தான் போன்ல சொல்றாரு. அங்க ஒரு மெஷின் முட்டை பூராம் வெந்து கெடக்கு!"

ஓடியபோது ஆனந்த் எலெக்ட்ரானிக்ஸ். புகைந்தபோது சகாயசெல்வி. எரிந்துபோன இரண்டு ஐசிகளையும் எடுத்து, முனியப்பன் முன்னாலேயே அவன் கையில் வைத்தேன்.

"இதுல எது எதுன்னு சொல்லுண்ணே."

புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"நீதான தேச்ச? உனக்கே தெரியலைல்ல? நேத்தும் இப்படித்தான மாத்திச் சொருகுன?"

முனியப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "புதுசா ஒண்ணு செய்யி ஆத்தா. நீயே வந்து மாட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புது போர்டை வீட்டிலேயே வரைந்தேன். அது முடிந்து கடை மேஜைக்கு வந்ததும் அண்ணன் கிட்டே வந்தான். உப்புத்தாளைத் தொடவில்லை. பிளேடை எடுத்தான்.

"நம்பரு கெடக்கட்டும். பேரை மட்டும் எடுத்திரலாம் செல்வி."

"தாராளமா எடுண்ணே. கரண்டு திரும்பிப் போற லைனை அந்த எழுத்து வழியாத்தான் இழுத்திருக்கேன். மொதல்ல மாரெக், அடுத்து நானு. ஒரு எழுத்து அறுந்தாலும் பெட்டி செத்துரும்."

போர்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு பிளேடை டிராயருக்குள் போட்டான்.

"படமாச்சும் நம்மகிட்ட இருக்கட்டும்."

"முனியப்பனுக்கு ஒரு பிரிண்ட் குடுத்தாச்சு" என்றேன். "சுக்கூர் பாய்க்கும் ஒண்ணு."