முழங்கால் அளவு

கணினித் திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது. அதைச் சுற்றி அகலமாகச் சாம்பல் நிறம் பரவியிருந்தது. சுவரொட்டி வரைபவன் முகம் சுளித்தான்.

"என்ன மேடம் இது, புகை மூட்டம் மாதிரி?"

"கடல் மட்டம் ஏறிட்டே இருக்கு. இனி புயல் வந்தா தெருவுல எவ்வளவு தண்ணி நிக்கும்னு கணக்கு. கோடு சராசரி. அதுக்குக் கீழயும் நிக்கலாம், மேலயும் போகலாம். அந்தச் சாம்பல் அதுதான்," என்றார் ஆய்வாளர்.

"கீழயும் மேலயும்னு இழுத்தா யார் பார்ப்பாங்க? ஒரே அளவு காட்டணும், சட்டுனு மண்டையில ஏறணும்."

அவர் எவ்வளவோ சொன்னார். அவன் சாம்பலை அழித்தான். முழங்கால் வரை தண்ணீரில், ஆளுயரத்தில், சிரித்தபடி ஒருவனை வரைந்தான். இலாகாவே பாராட்டியது. கடலோரத் தெருக்களெங்கும் ஒட்டினார்கள்.

மறு ஆண்டு புயல் வந்தது.

பத்து நாள் கழித்து அக்காவின் தையற்கடையைக் கழுவப் போனான். சுவரில் அந்தச் சுவரொட்டி அப்படியே இருந்தது. சிரிக்கிறவனின் கழுத்துக்குக் குறுக்கே சேற்றுக் கோடு.

"இவன் நீ வரைஞ்சவன்தானே?"

"ஆமாக்கா."

"உங்க அத்தான் இவனைப் பார்த்துத்தான் மெஷினை மேஜை மேல ஏத்தினாரு. 'முழங்கால்தான்டி, மச்சான் போட்ட படம் தப்பாது. நீ மாடிக்குப் போ, நான் கடையைப் பார்த்துக்கறேன்'னாரு. தண்ணி வடிஞ்சப்புறம்தான் உடம்பு கிடைச்சுது." அவள் மேஜையைத் துடைத்தாள். "அதுக்கு மேலயும் வரலாம்னு உங்களுக்கெல்லாம் தெரியாதாடா?"

"தெரியும்."

அவள் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

அதன்பின் யார் எதிரில் நின்றாலும் அவன் கண் அவர்கள் கழுத்துக்குப் போனது. பேருந்தில், தேநீர்க் கடையில், எல்லார் கழுத்திலும் அந்தக் கோடு.

"அதே ஆள் போதும். இடுப்பு வரைக்கும் நனைச்சுடு, மறுபடி அச்சடிச்சுடலாம்," என்றார் மேலதிகாரி.

அவன் சாம்பலைத் திரும்பப் பூசினான். கணுக்காலில் தொடங்கி அந்த ஆளின் தலைக்கு மேலே வரை.

"என்னய்யா இது? பார்க்கவே கலவரமா இருக்கு. ஒரு அளவைச் சொல்லேன்!"

"ஒரே அளவு நமக்கே தெரியாது சார். தெரியாதுங்கறதையும் ஜனங்களுக்குக் காட்டணும். போன தடவை அதைத்தான் அழிச்சேன். எங்க அத்தான் நின்னது அந்தச் சாம்பலுக்குள்ள."