மூன்றாவது வேட்டு

வள்ளியின் புருஷன் வேணு அடி அண்ணாமலைக்குத் திரும்பி இருபது நாளாகியிருந்தது. எழுபத்தைந்து ஜனவரியில், வடக்கே கின்னௌர் மலையில் வந்த பூகம்பத்தில், அவனோடு எல்லை ரோடு போட்டவர்களில் ஒன்பது பேர் பாறைக்கடியில் போனார்கள். பிழைத்து வந்தவன் என்று பேர்தான், பாதி ஆளை இமயமலை அங்கேயே வைத்துக்கொண்டது.

"நம்ம நாடு பூரா வடக்கால போய் முட்டிக்கினு கீழ சொருவுதாம் வள்ளி. அதான் நிலம் மடங்கி மடங்கி மலையா எழும்புதாம். என்ஜினீயர் சொன்னாரு" என்பான் தினமும். "கொட்டாயில இருந்தவங்கள வெளிய வாங்கடான்னு கத்தினேன். ஒருத்தனும் வரல. நம்ம மலை கிழவன், அசையாது. அதை நம்பித்தான் வந்தேன்."

மலை அசையாதுதான். ஆனால் அவன் இல்லாத இரண்டு வருஷத்தில் வீட்டுக்குப் பின்னால் கல் குவாரி வந்துவிட்டதே! வெடிமருந்து வராமல் ஒரு மாதமாக வேட்டு ஓய்ந்திருந்தது. சும்மாவே நடுங்குகிறவனிடம் மறுபடி வேட்டு வெடிக்கும் என்று எப்படிச் சொல்வது என்று வள்ளி நாளைக் கடத்தினாள். போன வாரம் லாரிச் சத்தத்துக்கே அவளைப் பிடித்துத் தள்ளி நெற்றியை உடைத்திருந்தான். குவாரியில் திரி கொளுத்துகிற அவள் அண்ணன் முருகையன் கொதித்துப்போய், "இன்னொரு வாட்டி கை வெச்சான்னா உன்னை இழுத்துக்கினு போயிடுவேன், பார்த்துக்கோ" என்று சொல்லியிருந்தான்.

அன்று மதியம் வள்ளி களி கிண்டிக்கொண்டிருந்தபோது, "வேட்டேய்! வேட்டேய்!" என்று குவாரியிலிருந்து எச்சரிக்கைக் கூவல் கேட்டது. ஐயோ என்று அவள் திரும்புவதற்குள் தரை உதறியது. பானைகள் உருண்டன. வேணு பாய்ந்து வந்து அவள் மயிரைப் பிடித்து இழுத்தான். கொதிக்கிற களி கையில் கொட்டித் தோல் உரிந்தது. வாசலில் குப்புறத் தள்ளி, மேலே விழுந்து, தலையை மண்ணோடு அழுத்தினான். இன்னொரு வேட்டு வெடித்தது. வள்ளி தொண்டை கிழியக் கத்தினாள்.

எத்தனை திரி கொளுத்தினாலும் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு விரல் மடக்கி, கணக்குச் சரியான பிறகே முருகையன் இடத்தை விட்டு நகர்வான். அன்று கொளுத்தியது மூன்று. இரண்டு விரலை மடக்கியவன், தங்கையின் குரல் கேட்டதும் மூன்றாவதை மறந்து கடப்பாறையோடு ஓடிவந்தான்.

"எழுந்திருடா நாயே!" என்று தோளில் ஒரே போடு. எலும்பு முறிந்த சத்தம் வள்ளிக்குக் கேட்டது. ரத்தம் அவள் கன்னத்தில் சொட்டியது. அவன் எழுந்திருக்கவில்லை. "வெளிய வந்துட்டியா வள்ளி? வெளிய வந்துட்டியா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "அடிக்காதண்ணா! அவரு என்னைக் காப்பாத்துறாரு!"

"காப்பாத்துறானா? கை வெந்து கிடக்குது பாரு. போதும், வா!" முருகையன் அவளைப் பிடுங்கியெடுத்து மறுபடி கடப்பாறையை ஓங்கினான்.

மூன்றாவது வெடித்தது. கல் பறந்தது. ஒடிந்த தோளோடு எழும்பிய வேணு, ஓங்கியவன் இடுப்பைக் கட்டி வீழ்த்தி மேலே கவிழ்ந்தான். தலையளவு கல்லொன்று அவன் முதுகில் வந்து இறங்கியது.

புழுதி அடங்கியபோது வேணுவின் வாயிலிருந்து ரத்தம் முருகையன் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. மூச்சு இருந்தது. "வெளிய வந்துட்டியா மச்சான்?" என்றான்.

"வந்துட்டேன் மாப்ளே, வந்துட்டேன்" என்று முருகையன் ஓவென்று அழுதான்.