தானாகத் திரும்பும் வரை

“தாழ் போடாதீங்க அத்தை” என்று மகள் சொல்வதற்குள் பின்னறைத் தாழ் விழுந்துவிட்டது. உள்ளே அப்பா. கூடத்தில், கழுத்துவரை போர்த்திய துணிக்குள் அம்மா.

விடியும் முன்னே நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், இப்படித் திரும்பி வந்திருந்தாள். அப்போது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மறதி நோயில் அவருக்குப் பெயர்கள் போயின, தெருக்கள் போயின. அம்மா மட்டும் போகவில்லை. வேலைக்குக் கிளம்புகிறவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வாசலில் நின்று கொடுத்தால்தான் அவருக்கு மறுவேலை. இன்றும் நிரப்பினார். “அவ எங்க?” என்று கேட்டவரிடம், “வேலைக்குப் போயிட்டாங்கப்பா” என்று மகள் சொல்லித் தொலைத்தாள்.

அதுதான் வினையாகப் போயிற்று. “பாட்டிலை விட்டுட்டுப் போயிட்டாளே!” என்று, அம்மாவைக் கொண்டுவரும் முன்பே வீடெல்லாம் தேடினார். காலையிலிருந்து அவருக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

“என் தம்பி தாங்க மாட்டான்டி. வண்டி கிளம்புற வரைக்கும் உள்ளேயே இருக்கட்டும்” என்றாள் அத்தை.

அம்மாவின் வேலை கழுதைகளோடு. அவை எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன, எதற்கு வாடுகின்றன என்று ஆராய்கிற வேலை. சொந்தக்காரர்கள் ‘கழுதை டாக்டர்’ என்று கேலி செய்தால், “உங்களைவிட உதை கம்மிதான்” என்று சிரிப்பாள்.

ஒருமுறை அவள் கொட்டகையில் ஜோடிக் கழுதைகளில் ஒன்று செத்துக் கிடந்தது. கயிறு கட்டி இழுக்க வந்தவர்களை அம்மா தடுத்துவிட்டாள். முன்பு ஒருதடவை அவசரப்பட்டு அப்புறப்படுத்தியதில், மிஞ்சியது வேலியோரமாகவே கத்திக்கொண்டு நடந்து, தீவனம் தொடாமல் படுத்துவிட்டதாம். “கூட்டாளி பார்க்கட்டும். அதுவா திரும்புற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க.” அது மோந்தது, மூக்கால் நெட்டியது, வெகுநேரம் நின்றது. பிறகு தானாகத் திரும்பித் தொட்டியில் வாய் வைத்தது. பள்ளிச் சீருடையோடு மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டது.

“திறக்கப் போறேன் அத்தை. அம்மா கொட்டகையில அப்படித்தான் செய்வாங்க.”

“அடியே, கழுதைக்குப் பண்ணினதை என் தம்பிக்குப் பண்ணுவியா?”

“நாளைக்கும் தேடுவாரே. தினமும் வேலைக்குப் போயிட்டாங்கன்னு சொல்வீங்களா?”

“பார்த்ததையும் மறந்துட்டான்னா?”

மகள் தாழில் கை வைத்தாள். “மறந்தா மறுபடி சொல்றேன். ஒளிக்க மாட்டேன்.”

தாழை நீக்கினாள். பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி அப்பா நின்றார்.

“நான் பொய் சொல்லிட்டேன்பா. அம்மா வேலைக்குப் போகல. செத்துட்டாங்க. வாங்க.”

அவர் வந்தார். அம்மாவின் பாதத்தைத் தொட்டார்; “ஜில்லுனு இருக்கே” என்று துணியை இழுத்து மூடினார். குனிந்து தலைமுடியை முகர்ந்தார். பிறகு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“ஏத்தலாமாம்மா?” என்று எட்டிப் பார்த்த வண்டிக்காரருக்கு மகள் கை காட்டினாள். அவர் போய் இஞ்சினை அணைத்தார். தம்பியைப் பிடிக்க நீண்ட அத்தையின் கையை மகள் பற்றிக்கொண்டாள்.

அப்பா திரும்பினார். யாரும் தொடவில்லை. மெல்ல நடந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்தார்.

பாட்டிலின் மூடி இறுகியிருந்தது. மகள் திறந்துகொடுக்கப் போகவில்லை. அவரே திருகித் திறந்து, அண்ணாந்து குடித்தார்.